அது சுவர் வாடை

என் வீட்டுக்காரருடைய பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, வந்த சனமெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, மருமகளும் நானும் மஞ்சள் தண்ணீர் தெளித்து வீடு முழுக்கக் கழுவினோம். பாத்ரூமை மட்டும் இரண்டு தரம் கழுவினோம். அடுத்த நாள் காலையில் முகம் கழுவப் போய்க் கதவைத் திறந்தேன். அதே வாடை. ஈரச் சாக்கை மடித்து மூலையில் போட்டு மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அது.

கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அந்த வாடை அவருடையது என்றுதான் எட்டு மாதமாக இந்த வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை, ஆனால் நினைத்தோம். நானும் நினைத்தேன். இப்போது அவர் இல்லை, வாடை மட்டும் இருக்கிறது.

இது என் மகன் வீடு. கண்டி டவுனிலிருந்து பேராதனைக்குப் போகிற ரோட்டில் பாதியில் இறங்கி, மேட்டில் கொஞ்சம் ஏற வேண்டும். மகனுக்கு டவுனில் ஹாட்வெயார் கடையில் வேலை. மருமகள் முன் வாசலில் மெஷின் போட்டு சாரி ஜாக்கெட் தைக்கிறாள். நானும் அவரும் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். நான் கொழுந்து எடுத்தேன். அவர் ஸ்டோரில் இருந்தார். தேயிலை அரைக்கிற இடத்தை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். முப்பது வருசத்துக்கு மேல் அங்கே வேலை. பென்சன் எடுத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா இருந்த காலத்தில் ஒருநாள் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் சொல்வது விளங்கும். மகன் வந்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தான். முன் அறையைக் கொடுத்தான். பாத்ரூமும் அந்த அறையும் ஒட்டினாற்போல, நடுவில் ஒரே சுவர்.

அப்பா பிடித்து எழும்ப பாத்ரூம் சுவரில் ஒரு கம்பி வேண்டும் என்று மகன் கடையிலிருந்து கம்பியும் ட்ரில் மெஷினும் கொண்டுவந்தான். கூலிக்கு வேலை செய்கிற பாஸ் யாரையும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை நின்று, டைல்ஸில் நாலு ஓட்டை போட்டு, தானே பூட்டினான். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். பிறகு அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பிடித்துப் பார்க்கச் சொன்னான். அவர் இடது கையால் ஒரு இழுவை இழுத்துப் பார்த்தார்.

"என்னையப் போல ரெண்டு பேர் தொங்கலாம்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் எல்லாரும் சிரித்தோம்.

இரண்டு மாதம் கழித்து மழை பிடித்த நாளில்தான் வாடை தொடங்கியது. முதலில் மழை ஈரம் என்று நினைத்தோம். மழை விட்ட பிறகும் போகவில்லை. மருமகள் பாத்ரூமுக்கு மணக்கிற ஸ்ப்ரே ஒன்று வாங்கி வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. மாமா, மாமா என்று சோறு பிசைந்து கொடுத்தவள்தான். ஆனால் அவர் உள்ளே போய் வந்ததும் புஸ் புஸ் என்று அடிப்பாள். அந்தச் சத்தம் முன் அறையில் படுத்திருக்கிறவருக்குக் கேட்கும். கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அதைவிட மோசம், அந்த வாடை அவர் மேலும் வந்தது. துவைத்த சாரத்தை அலுமாரியிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிவிட்டால் அரை மணி நேரத்தில் அதே வாடை. சட்டையிலும் அது. நான் சவுக்காரத்தை இரண்டு மடங்கு போட்டுத் துவைத்தேன், சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். தேசிக்காய் கூடப் பிழிந்தேன். காய்ந்து வரும்போது வெயில் வாசம்தான் இருக்கும். மடித்து வைத்து எடுத்துக் கட்டினால் திரும்பவும் வாடை. அப்படியென்றால் உடம்பிலிருந்து வருகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள். வயசானவர், படுக்கையில் இருக்கிறவர், சில நேரம் அவசரத்துக்கு எழும்ப முடியாமல் போகிறவர். நான் வேறே யோசிக்கவே இல்லை.

அவர் எப்படிப்பட்ட மனுசன் என்று சொல்ல வேண்டும். ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் பவுடர் போடக்கூடாது, மணக்கிற எண்ணெய் வைக்கக்கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு பொடியன் மல்லிகை எண்ணெய் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தான் என்று இவர் அவனைப் பீலிக்கு அனுப்பித் தலை குளித்துவிட்டு வரச் சொன்ன கதையைத் தோட்டமே சொல்லிச் சிரிக்கும். எங்கள் கல்யாணத்துக்கு மறுவாரமே என் பவுடர் டின்னை எடுத்து என் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார். கருவாடு பொரித்தால் அன்றைக்கு வேலைச் சட்டையை வெளியே மரத்தில் மாட்டி வைப்பார். மூக்கால் பிழைத்த மனுசன்.

அந்த மனுசன்தான் என்னிடம் சொன்னார். ஒருநாள் காலையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் இடது கையை நீட்டி, கம்பிக்குக் கீழே டைல்ஸைத் தொட்டுக் காட்டினார்.

"புள்ள, இது என் வாடை இல்ல. சுவர் நாறுது."

எனக்கு அன்றைக்கு மனது சரியில்லை. முதல் நாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, அவர் இருந்த அறையைத் தாண்டும்போது சேலைத் தலைப்பை மூக்கில் வைத்ததை நான் பார்த்திருந்தேன். அந்த வெட்கத்தில் சொன்னேன், "ஊருல உள்ள சுவரெல்லாம் இப்ப உங்களுக்குத்தான் நாறுதாக்கும். பேசாமக் குளிங்க."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அதை மகனிடமும் சொல்லவில்லை. இருக்க இடம் கொடுத்த வீடு. சுவர் நாறுகிறது என்று சொன்னால் வீட்டைக் குறை சொன்ன மாதிரி, மருமகள் சுத்தமில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே வாய் திறப்பது கஷ்டம். கங்காணி பெயர் கூப்பிட்டால்கூட கையைத்தான் தூக்குவேன்.

அடுத்த மாதம் அவரைப் பின் அறைக்கு மாற்றினார்கள். குசினிக்குப் பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறை அது. நானும் கூடவே போனேன். தையலுக்கு வருகிற ஆட்கள் குறைகிறார்கள் என்று மருமகள் மகனிடம் அழுதிருக்கிறாள். மகன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே, பின்னால் காற்று நன்றாக வரும் அப்பா என்றான். அவர் ம் என்றார். கட்டிலைத் தூக்கும்போது கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரியை வைக்கப் பின் அறையில் இடமில்லை, அது முன் அறையிலேயே நின்றது. அவருடைய துணியை நான் தினமும் அதிலிருந்துதான் எடுத்துப் போனேன். அதனால் வாடையும் அவரோடு பின் அறைக்குப் போனது. பாத்ரூமை விட்டு மட்டும் ஏன் போகவில்லை என்றால், குளிப்பாட்ட அங்கேதானே கூட்டிப்போகிறோம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பின் அறைக்குப் போன பிறகு அவர் தேத்தண்ணியைப் பாதிக் கோப்பையோடு நிறுத்தினார். பிறகு வேண்டாம் என்றார். தண்ணீர் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும் அல்லவா. இரண்டு மாதம் அப்படி இருந்தார். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் வைத்தபோது அங்கே இருந்த நர்ஸ் மிஸ் என்னைக் கேட்டது, இவர் தண்ணி குடிக்கிறதே இல்லையா அம்மா என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலாம் நாள் போய்விட்டார். டாக்டர் வேறு பல காரணம் சொன்னார், மகன் கேட்டுக்கொண்டான். எனக்கு அந்தப் பாதிக் கோப்பைதான் கண்ணில் நின்றது.

காரியத்துக்குத் தெல்தோட்டையிலிருந்து அவருடைய தம்பி வந்தார். அண்ணன் நினைவாக ஒரு சட்டை தாங்க மதினி என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் செத்தவருடைய நல்ல துணி ஒன்றை உடன்பிறப்புக்குக் கொடுப்பது வழக்கம். ஆனால் வாடை அடிக்கிற சட்டையை எப்படிக் கொடுப்பது? நல்லது எதுவும் மிச்சமில்லை என்று பொய் சொன்னேன். அந்த மனுசன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார். கொழுந்தன் போன பிறகு எல்லாத் துணியையும் பின் பக்கம் போட்டு எரித்தோம்.

அதனால்தான் அன்றைக்குக் காலையில் பாத்ரூம் கதவில் அப்படி நின்றேன்.

முன் அறைக்குப் போய் வெள்ளைச் சேலை மாற்ற அலுமாரியைத் திறந்தேன். என் சேலையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் அந்த வாடை இருந்தது. அலுமாரியடியில் உட்கார்ந்துவிட்டேன். சுவர் நாறுது புள்ள என்று அவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. நானாகத் தேடத் தொடங்கினேன். மருமகள் கடைக்குப் போகிற நேரம் பார்த்துத் தண்ணீர் போகிற ஓட்டையின் மூடியைக் கழற்றி, முடியெல்லாம் இழுத்தெடுத்து, கொதிதண்ணீர் ஊற்றினேன். கால்மிதியைக் கொண்டுபோய் வெயிலில் போட்டேன். வாளியைக் கவிழ்த்துத் தேய்த்தேன். கொமட்டைச் சுற்றிப் பழைய பிரஷால் சுரண்டினேன். ஜன்னல் திரையை எடுத்துத் துவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு ராத்திரி கதவைச் சாத்தி வைத்து விடியற்காலையில் திறந்து பார்ப்பேன். வாடை குறையவே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் என் மூக்கு பழகிப்போய் ஒன்றுமே மணக்காது.

அப்போதுதான் தேயிலை யோசனை வந்தது. என் மூக்கு பழகிப்போகும், தேயிலை பழகாது. அதற்கு வாடையை இழுக்க மட்டும்தான் தெரியும்.

நல்ல தேயிலைத் தூள் பாக்கெட் ஒன்றைப் புதிதாக உடைத்து, கோப்பைக்கு அடியில் வைக்கிற பீரிஸ் ஐந்தில் ஒவ்வொரு கரண்டி போட்டு வைத்தேன். ஒன்று கதவடியில், ஒன்று தண்ணீர் ஓட்டைக்குப் பக்கத்தில், ஒன்று கொமட்டுக்குப் பின்னால், ஒன்று ஜன்னலில். ஐந்தாவது கம்பிக்குக் கீழே, சுவரோடு ஒட்டி.

மருமகள் பார்த்துவிட்டாள்.

"மாமி, பாத்ரூம்ல யாருக்கு மாமி தேயிலை வச்சிருக்கீங்க? மாமாவுக்குப் படைக்கிறதுன்னா சாமிப் படத்துகிட்ட வைங்களேன். கக்கூசுகிட்ட வச்சா மனுசன் குடிப்பாரா?"

"படையல் இல்ல. பரீட்சை" என்றேன். வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அஞ்சாம் வகுப்போட நின்னவங்க இப்பதான் பரீட்சை வைக்கிறீங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு முழுக்க எல்லாரும் பக்கத்து வீட்டுப் பாத்ரூமில் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, சரி என்றாள்.

மறுநாள் காலையில் ஐந்து பீரிசையும் வரிசை மாறாமல் குசினி மேசைக்குக் கொண்டுவந்தோம். ஐந்து கோப்பையில் போட்டு, கொதிதண்ணீர் ஊற்றினோம். சூடு பட்டால் தேயிலை எதையும் மறைக்காது என்று அவர் சொல்வார். கதவடித் தேயிலை தேயிலை மாதிரியே மணத்தது. தண்ணீர் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்ததில் லேசாகச் சவுக்கார மணம். மற்ற இரண்டிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்தாவதை முகர்ந்துவிட்டு மருமகள் பக்கம் தள்ளினேன். அவள் குனிந்து முகர்ந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"மாமி, இது மாமா சாரத்து வாடை" என்றாள்.

இரண்டு பேரும் முன் அறைக்குப் போனோம். கம்பி பூட்டியிருந்த சுவருக்கு இந்தப் பக்கம்தான் அலுமாரி நிற்கிறது. உடுப்பையெல்லாம் ஒரு பாயில் அள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தோம். பின்னால் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அலுமாரியின் பின் பலகை ஊறி, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அந்தப் பலகைக்கு இந்தப் புறம்தான் அவருடைய தட்டு. சாரம், சட்டை, துவாய் எல்லாம் அங்கேதான் இருந்தன.

மருமகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமாவைத் தூக்கிப் பின்னால போட்டேனே மாமி, தூக்கிப் பின்னால போட்டேனே என்று அதையே சொன்னாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

மகன் அடுத்த நாள் லீவு போட்டு, பைப் வேலை செய்கிற பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தான். சிங்கள ஆள், தமிழும் பேசுவார், நல்ல கலகலப்பு. சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கம்பிக்குக் கீழே நாலு டைல்ஸை உடைத்தார். உள்ளே சீமெந்து புட்டு மாதிரி உதிர்ந்தது. பைப் தெரிந்ததும் அவர் சிரித்தார்.

"இந்தா, பாருங்க. ஸ்க்ரூ ஆணி நேரா பைப்புக்குள்ள போயிருக்கு. ஆணியே ஓட்டையை அடைச்சிருக்கு. அதுதான் பெரிசா தண்ணி வரல்ல, சொட்டுச் சொட்டா சுவர் குடிச்சிருக்கு. எந்த மடையன் இந்தக் கம்பி பூட்டினது?"

மகன் பாஸ் கையிலிருந்த துருப்பிடித்த ஆணியை வாங்கிப் பார்த்தான். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான். கடையில் நாள் முழுக்க பைப் விற்கிறவன். டைல்ஸுக்குப் பின்னால் பைப் எங்கே ஓடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். அப்பாவுக்குத் தன் கையால் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை.

பாஸ் பைப்பை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது நான் படிக்குப் போனேன். அவன் என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அப்பாவுக்கு வாடைன்னா உடனே தெரியுமே. அவர் ஒண்ணுமே சொல்லலியாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் என் மானம் மிஞ்சும். ஆனால் அந்த ஆணியை அவன் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அவன் அதைக் கையிலிருந்து கீழே வைக்கமாட்டான் என்று தெரிந்தது.

"சொன்னாரு தம்பி. சுவர் நாறுதுன்னு கையை வச்சுக் காட்டினாரு. நான்தான் பேசாமக் குளிங்கன்னு சொன்னேன். அன்னைக்கே உங்கிட்ட சொல்லியிருந்தா நீ அன்னைக்கே ஒடச்சிருப்ப. நீ ஓட்டை போட்டது தெரியாமப் போட்டது. நானோ வாடை தெரிஞ்சவர் சொன்னதைக் கேக்காம விட்டவ."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்குப் படியில் இடம் விட்டான். உட்கார்ந்தேன். உள்ளே பாஸ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

சுவர் காய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. உடைத்த இடத்தை மூடாமல் மின்விசிறியைத் திருப்பி வைத்தோம். இந்தப் பக்கத்துப் பூசணத்தை மருமகள் இரும்புத் தேய்ப்பானால் தேய்த்து, மருந்துத் தண்ணீர் பூசி, காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்தாள். யாரையும் தொட விடவில்லை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தனியாகச் செய்தாள். அலுமாரியின் பின் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பலகை போட்டோம். நான் தெல்தோட்டைக்குக் கொழுந்தனுக்குப் போன் எடுக்கச் சொன்னேன். சட்டை விசயத்தில் பொய் சொன்னேன் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். விடுங்க மதினி என்றார்.

இப்போது பாத்ரூமில் ஒரு வாடையும் இல்லை. மருமகள் என்னைக் கூப்பிட்டு மூக்கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். சுண்ணாம்பும் ஈரமில்லாத சீமெந்தும் மட்டும்தான் மணத்தது. என்னை முன் அறைக்கே வரச் சொல்கிறார்கள். இன்னும் போகவில்லை. பின் அறையில்தான் படுக்கிறேன்.

போன வாரம் அவருக்கு மூன்றாம் மாசப் படையல். இலையில் சோறு, கறி, பக்கத்தில் சர்க்கரை போடாத தேத்தண்ணி ஒரு கோப்பை நிறைய. மகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கையைக் கூப்பினான். அவனுக்குப் படத்தோடு பேசுகிற பழக்கம் கிடையாது. அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னான்.

"அப்பா, சுவர்தாம்ப்பா."

அதைக் கேட்டு மருமகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்து நான் கும்பிட வேண்டும். என்னிடமும் சொல்ல ஒன்று இருந்தது. இத்தனை வருசம் குடும்பம் நடத்திய மனுசனிடம் சொல்ல ஒரே ஒரு பேச்சு. பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. குனிந்து தேத்தண்ணிக் கோப்பையைப் படத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் தள்ளி வைத்தேன்.